குடியிருக்க ஆளில்லை, ஆனால் இரண்டு எம்.பி.க்கள்: ஓல்ட் சேரம் கோட்டை மேட்டில் என்னதான் நடந்தது?

1735ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வில்லியம் பிட் என்ற 26 வயது இளைஞர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் முதன்முறையாக எம்.பி.யாக நுழைகிறார். பின்னாளில் பிரதமராகப் போகிறவர். அண்ணன் இரண்டு தொகுதிகளில் ஜெயித்துவிட்டு, ஒன்றை விட்டுக்கொடுக்க, அந்தக் காலி இடத்துக்குத் தம்பி வந்தார். தொகுதியின் பெயர் ஓல்ட் சேரம்.

ரோடு சரியில்லை, தண்ணி வரலை என்று யாரும் அவரிடம் மனுவோடு வந்து நிற்க வாய்ப்பில்லை. ஏனென்றால் அந்தக் கோட்டைக்குள் ஒரு வீடுகூட இல்லை. புல் முளைத்த மண்மேடு, இடிந்த சுவர்களின் மிச்சம், மேய்ச்சல் நிலம். அவ்வளவுதான். ஆனாலும் அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. அதே நேரத்தில், மக்கள் பெருகிக்கொண்டிருந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் தனியாக ஒரு எம்.பி.கூடக் கிடையாது.

ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் அரச மாளிகையும் ஊருமாக இருந்த இடம் எப்படி இந்த நிலைமைக்கு வந்தது? சண்டையில் அழிந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாரோ ஒருவர் தனக்குத் தேவையானதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தட்டில் கவிழ்த்த கிண்ணம்

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயர் மாவட்டம். ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் அதே மாவட்டம்தான். அங்கே சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது ஓல்ட் சேரம். விளிம்பு உயர்ந்த பெரிய தட்டு, அதன் நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம் என்று நினைத்துக்கொண்டால் இடத்தின் அமைப்பு பிடிபட்டுவிடும். தட்டின் விளிம்புதான் வெளிப்புற மண் அரண். ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்கு முட்டை வடிவத்தில் சுற்றி வருகிறது. நடுவில் இருக்கும் கிண்ணம்தான் கோட்டை நின்ற மேடு. அதைச் சுற்றித் தனியாக ஓர் அகழி.

இந்த இரண்டும் ஒரே காலத்தவை அல்ல. வெளி அரணைக் கட்டியவர்கள் இரும்புக் கால மக்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. பிறகு ரோமானியர்கள் வந்தார்கள், அவர்களுடைய சாலைகள் இந்த மேட்டின் அருகே சந்தித்தன. சாக்சன்கள் காலத்தில் பக்கத்து ஊரான வில்டனை 1003இல் டேனிஷ் படை எரித்தபோது, நாணயச் சாலையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்கள். உயரமான இடம், ஏற்கெனவே அரண் இருக்கிறது, பாதுகாப்பு.

1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னர் முதலாம் வில்லியமும் அதே கணக்கைத்தான் போட்டார். புதுசாக அரண் எழுப்பும் வேலை மிச்சம். பழைய வளையத்துக்கு நடுவில் ஒரு மேட்டை உயர்த்தி, அகழி வெட்டி, கோட்டை கட்டிவிட்டார்கள். 1070இல் இங்கே வைத்துத்தான் வில்லியம் தன் படைவீரர்களுக்குக் கணக்கு தீர்த்து அனுப்பினார். 1086 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நாட்டின் முக்கிய நிலவுடைமையாளர்களை எல்லாம் இங்கே வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கினார். ஒரு நாட்டின் அதிகாரம் முழுக்க ஒரு நாள் இந்த மேட்டில் மண்டியிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோட்டைக்குள் பேராலயம்: சரிவருமா?

மன்னர் கோட்டை கட்டிய கொஞ்ச காலத்திலேயே திருச்சபையும் வந்து சேர்ந்தது. சிறிய ஊர்களில் இருந்த பிஷப் பீடங்களை முக்கியமான இடங்களுக்கு மாற்றச் சொல்லி 1075இல் முடிவானது. ஷெர்போர்னில் இருந்த பீடம் சேரத்துக்கு வந்தது. வெளி அரணுக்குள், கோட்டை மேட்டுக்குப் பக்கத்திலேயே பேராலயம் எழும்பியது. 1092 ஏப்ரல் 5ஆம் தேதி பிஷப் ஆஸ்மண்ட் அதை அர்ச்சித்தார். சரியாக ஐந்தாம் நாள் இடி மின்னலோடு வந்த புயலில் கட்டடம் பலத்த சேதம்! நல்ல சகுனமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை.

அடுத்து வந்த பிஷப் ரோஜர், முதலாம் ஹென்றி மன்னரின் வலது கை. பேராலயத்தை விரிவாக்கியதோடு, நடுமேட்டில் முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடங்கள் கொண்ட ஒரு கல் மாளிகையையும் கட்டினார். இன்றைக்கு அங்கே தெரியும் இடிபாடுகளில் பெரும்பங்கு அவர் காலத்துடையதுதான். கோட்டையும் ஆலயமும் ஒரே ஆள் கையில் இருந்தவரை பிரச்னை வரவில்லை. 1139இல் ஸ்டீபன் மன்னர் ரோஜரைக் கைது செய்து கோட்டையைப் பறித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரே மதிலுக்குள் இரண்டு அதிகாரங்கள்: மேட்டின் மேலே மன்னரின் சிப்பாய்கள், கீழே பாதிரியார்கள்.

கோட்டை அப்போது சிறையாகவும் பயன்பட்டது. அக்விடைன் எலினோர், அதாவது இரண்டாம் ஹென்றியின் மனைவி, 1173இல் மகன்களோடு சேர்ந்து கணவருக்கு எதிராகக் கலகத்தில் இறங்கியவர். ஹென்றி 1189இல் இறக்கும்வரை அவர் காவலில்தான் இருந்தார். அந்த வருடங்களில் ஒரு பகுதியைக் கழித்தது இங்கேதான்.

பாதிரியார்களின் புகார் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மேட்டில் காற்று ஓயாமல் அடிக்கிறது, பாடலே காதில் விழவில்லை. தண்ணீர் கிடையாது, கீழே இருந்து காசு கொடுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சுற்றிலும் வெள்ளைச் சுண்ணப்பாறை, வெயில் பட்டால் கண் கூசுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஆலயத்துக்குப் போய் வருவதற்கே சிப்பாய்களின் அனுமதி வேண்டியிருக்கிறது. கடைசியில் போப் மூன்றாம் ஹொனோரியஸ் இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்.

1220 ஏப்ரல் 28ஆம் தேதி, கீழே ஆற்றோரச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல். கூடவே நேர்நேரான தெருக்களோடு ஒரு புது ஊர். தண்ணீர் இருக்கிறது, சந்தை இருக்கிறது, சிப்பாய் தொல்லை இல்லை. மேலே இருந்த மக்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டார்கள். 1226இல் பழைய ஆலயத்தில் அடக்கமாகியிருந்த மூன்று பிஷப்புகளின் உடல் எச்சங்களையும் கீழே கொண்டுபோனார்கள். அந்தப் புது ஊர்தான் இன்றைய சாலிஸ்பரி. 2009 வரை அதன் அதிகாரபூர்வப் பெயர் ‘நியூ சேரம்’.

கல்லைக் கொண்டுபோனது யார்?

ஊர் போன பிறகும் கட்டடங்கள் நின்றன. ஆனால் நல்ல கட்டுமானக் கல்லை வெட்டி, இழைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது அந்தக் காலத்தில் பெரிய செலவு. பக்கத்திலேயே ஆளில்லாத ஆலயம் ஒன்று நிற்கும்போது புதுசாக ஏன் வெட்ட வேண்டும்? 1331இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர், பழைய பேராலயத்தின் கற்களைப் புதிய பேராலய நிர்வாகத்துக்கே கொடுத்தார். அந்தக் கற்களைக் கொண்டு பேராலய வளாகத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள்.

அடுத்தது கோட்டையின் முறை. பீரங்கிக் காலம் வந்துகொண்டிருந்தது, மன்னர்களுக்கு இங்கே வேலையில்லை. 1514இல் எட்டாம் ஹென்றி, கோட்டையின் கற்களை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தாமஸ் காம்ப்டன் என்பவருக்கு வழங்கினார்.

ஓல்ட் சேரத்தின் இப்போதைய தோற்றத்துக்கு இதுதான் காரணம். நார்மன் சுவர் என்பது சாண்ட்விச் மாதிரி. இரண்டு பக்கமும் வழவழப்பாக இழைத்த சதுரக் கற்கள்; நடுவில் சுண்ணாம்புச் சாந்தில் குழைத்துக் கொட்டிய சிக்கிமுக்கிக் கல் நிரப்பு. இழைத்த கல்லுக்கு விலை இருந்தது. அதனால் அதை உரித்து எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்த நிரப்பை உடைத்து எடுக்கப் பாடும் அதிகம், பயனும் குறைவு. அதனால் அது மட்டும் நின்றுவிட்டது. இன்று போகிறவர்கள் பார்க்கும் கரடுமுரடான, பல் விழுந்த மாதிரியான சுவர்கள் எல்லாம் அந்த உள்நிரப்புதான். 12ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தவர் யாரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

மண் அரணை மட்டும் யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. 1668இல் இந்தப் பக்கம் வந்த லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ், இருட்டும் நேரத்தில் தனியாக அந்த அரணுக்குள் நிற்கவே பயமாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் போச்சு, ஓட்டு போகவில்லை

மத்திய காலத்தில் சேரம் ஓர் ஊராக இருந்தபோது, நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை அதற்குக் கிடைத்தது. ஊர் காலியான பிறகு அந்த உரிமையை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கும் அதில் லாபமில்லை.

இங்கே வாக்குரிமை ஊரில் வாழும் மனிதர்களுக்கு இல்லை. குறிப்பிட்ட சில நிலத் துண்டுகளுக்குத்தான். அந்தத் துண்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. அப்படியானால் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஆள் வாங்கிவிட்டால்? தேர்தல் வரும்போது தனக்கு வேண்டிய சிலர் பெயருக்குப் பத்திரத்தில் மாற்றிக் கொடுப்பார். அவர்கள் வருவார்கள், சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடுவார்கள், பிறகு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாக்குச்சாவடி என்று கட்டடம் ஏது? வயல்வெளியில் ஓர் எல்ம் மரத்தடியில்தான் தேர்தல். அதற்கு ‘பார்லிமென்ட் மரம்’ என்றே பெயர் வந்துவிட்டது.

இப்படி வாங்கியவர்களில் பேர்பெற்றவர் சென்னையோடு நேரடித் தொடர்பு உள்ளவர். தாமஸ் பிட். ஆரம்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியே இல்லாமல் இந்தியாவில் வியாபாரம் செய்து கம்பெனிக்குத் தலைவலியாக இருந்தவர். அந்தக் காசில்தான் 1691 வாக்கில் ஓல்ட் சேரம் நிலத்தை வாங்கினார். இவரோடு மல்லுக்கட்டி முடியாது என்று நினைத்ததோ என்னவோ, கம்பெனி அவரையே 1698இல் மெட்ராஸ் ஆளுநராக நியமித்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பியது. 1709 வரை அங்கே இருந்தார். 1702இல் தாவூத் கான் மெட்ராஸை முற்றுகையிட்டபோது ஊரைக் காத்தவரும் இவர்தான்.

அங்கே இருக்கும்போதுதான் 410 காரட் எடையுள்ள ஒரு கோல்கொண்டா வைரத்தை, ஜாம்சந்த் என்ற வியாபாரியிடமிருந்து 48,000 வராகனுக்கு வாங்கினார். அதை நியாயமான வழியில் வாங்கவில்லை என்ற பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது. பட்டை தீட்டியபின் சுமார் 140 காரட்டாகச் சுருங்கிய அந்த வைரத்தை, 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு விற்றார். இன்று ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான்.

வைரத்தை விற்ற பணத்தில்தான் தொகுதியை வாங்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. தேதிகளைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. நிலம் வாங்கியது முதலில், வைரம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. வைரத்தை மெட்ராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் மகன் ராபர்ட். அப்பா செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருக்கும்போதே, 1705இல் அந்த மகன் ஓல்ட் சேரம் எம்.பி. ஆகிவிட்டார். இந்த ராபர்ட்டின் மகன்தான் 1735இல் நாடாளுமன்றம் போன வில்லியம் பிட். தமிழ்நாடு சட்டமன்றம் இன்று கூடுவது அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் என்பது வரலாற்றின் இன்னொரு குசும்பு.

வேடிக்கை என்னவென்றால், கட்டடங்கள் குறையக் குறைய மேட்டின் விலை ஏறிக்கொண்டே போனது. 1802இல் பிட் குடும்பச் சொத்தாக இருந்த ஓல்ட் சேரத்தை கேலிடன் பிரபு வாங்கினார். விலை சுமார் 60,000 பவுண்டு. புல்லுக்கும் மண்ணுக்கும் யாரும் அந்த விலை தரமாட்டார்கள், இரண்டு எம்.பி. இருக்கைகளுக்குத்தான் அந்தத் தொகை.

மாற்ற முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. அதுவும் அதே குடும்பத்திலிருந்து. தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன், பிரதமராக இருந்த இளைய வில்லியம் பிட், 1785இல் இதுபோன்ற 36 தொகுதிகளை இழப்பீடு கொடுத்து ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். அது தோற்றுப்போனது. இன்னும் அரை நூற்றாண்டு ஓடியது. 1831 தேர்தலில் ஓல்ட் சேரத்தின் வாக்காளர்கள் 11 பேர். ஒருவரும் அங்கே குடியிருப்பவர் இல்லை. ‘அழுகிய தொகுதி’ என்றாலே எல்லோரும் முதலில் சொல்லும் பெயராக அது ஆகியிருந்தது. 1832இல் வந்த சீர்திருத்தச் சட்டம் முழுவதுமாக ஒழித்த 56 தொகுதிகளில் ஓல்ட் சேரமும் ஒன்று.

புல் காட்டிக்கொடுத்த பேராலயம்

கல் போயிற்று, ஓட்டும் போயிற்று. இனி யாருக்கு வேண்டும் இந்த மேடு? ஓவியர்களுக்கு வேண்டியிருந்தது. ஜான் கான்ஸ்டபிள் 1834இல் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில், கருமேகத்துக்குக் கீழே வெறும் மேடு மட்டும் கிடக்கிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். டர்னரும் இதை வரைந்திருக்கிறார்.

கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான் இன்னொரு விஷயமும் நடந்தது. 1830களின் நடுவில் கடும் வறட்சி. வெளி வளாகத்தின் புல்வெளியில் சில கோடுகளில் மட்டும் புல் சீக்கிரமாகக் காய்ந்து மஞ்சளானது. அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலுவை வடிவில் ஒரு கட்டடத்தின் தரைப்படம்! காரணம் எளிமையானது. அடியில் சுவரின் அடித்தளம் இருக்கும் இடத்தில் மண் மெல்லிசு, ஈரம் நிற்காது, புல் முதலில் காயும். ஐநூறு வருடமாகக் கண்ணில் படாமல் இருந்த பேராலயம் எங்கே நின்றது என்பதை ஒரு வெயில் காலம் சொல்லிவிட்டது.

1882இல் பிரிட்டன் கொண்டுவந்த முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஸ்டோன்ஹெஞ்சோடு ஓல்ட் சேரமும் இடம்பெற்றது. கல்லை எடுக்க அரசே அனுமதி கொடுத்த இடத்தில், இனி ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று அரசே சொன்னது.

1909இல் லண்டன் தொல்லியலாளர் சங்கம் இங்கே பெரிய அகழாய்வைத் தொடங்கியது. வில்லியம் ஹோப், வில்லியம் ஹாலி ஆகியோர் தலைமையில் 1915 வரை நடந்தது. முதல் உலகப் போர் காரணமாக நின்றது. நடுமேட்டின் மாளிகைச் சுவர்களும் பேராலய அடித்தளமும் வெளியே வந்தன. அதாவது இன்று சுற்றுலாப் பயணி பார்க்கும் ‘பழைய’ இடிபாட்டின் பெரும்பகுதி, கான்ஸ்டபிள் பார்க்காத ஒன்று. அவர் காலத்தில் அது மண்ணுக்குள் இருந்தது. அந்தத் தலைமுறை அகழாய்வாளர்கள் பெரும்பாலும் சுவர்களைத் தேடினார்கள். சாதாரண ஜனங்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது அவர்களுடைய முதல் கேள்வியாக இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வர 2014 ஆகிவிட்டது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்வெட்டியே எடுக்காமல், நிலத்தின் காந்தப்புல மாறுபாட்டையும் மின்தடையையும் அளந்து, புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் எடுத்தார்கள். வெளி அரணை ஒட்டி வரிசையாகக் கட்டடங்கள், குடியிருப்புகள், சூளை இருந்ததற்கான தடயங்கள், அரண்மனையாக இருக்கலாம் என்று கருதப்படும் மிகப் பெரிய கட்டடம் ஒன்று என ஒரு மத்திய கால ஊரின் வரைபடமே கிடைத்தது. மேலே இழைத்த கல்லை எல்லாம் எடுத்துப் போனவர்கள், அடியில் இருந்த ஊரின் தடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு யாரும் மேலே புது ஊர் கட்டாததால் அது கலையாமல் கிடந்தது. பக்கத்து சாலிஸ்பரியில் 800 வருடமாகக் கட்டி, இடித்து, மறுபடி கட்டியதில் இப்படி முழுசாக ஒரு படம் கிடைப்பது சிரமம்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு இந்த இடத்தைப் பராமரிக்கிறது. வெளி வளாகத்தில் கட்டணமில்லாமல் நடக்கலாம். நடுமேட்டின் கோட்டைக்குள் போகத்தான் டிக்கெட். பேராலயம் நின்ற இடம் புல்வெளியில் தரைமட்டக் கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கிறது. பார்லிமென்ட் மரம் இப்போது இல்லை. அரண் மேல் ஏறி நின்றால், தெற்கே சாலிஸ்பரி பேராலயத்தின் 123 மீட்டர் கோபுர முனை தெரியும்.

மேட்டில் ஒரு நல்ல நார்மன் செதுக்குக் கல்லைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதற்கு மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கி, சாலிஸ்பரி பேராலய வளாகத்தின் மதில் ஓரமாக மெதுவாக நடக்க வேண்டும். சாதாரணக் கற்களுக்கு நடுவே, சில இடங்களில் திசை மாறி, பழைய ஆலயத்தின் செதுக்கு வேலைப்பாடுகள் இன்னும் அங்கே தெரிகின்றன.